நிலம் இழந்தோர் கதையும் வீடு பெற்ற நாமும்

அக்டோபர் மாதத்தில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருவிழாவிற்குக் கோவையிலிருந்து அவினாசி சாலை வழியே செல்லும் நம்மவர், சாலையின் இருமருங்கும் நிகழ்ந்துவிட்ட மாற்றத்தைக் காணாமல் இருக்க இயலாது. சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளில் இன்று மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. கிளுவை வேலி இருந்த இடத்தில் வளைவு வைத்த நுழைவாயில். அதன்மேல் ஏதேனும் ஒரு 'நகர்' அல்லது 'கார்டன்' என்னும் பெயர். இதைக் கண்டு ஊர் வளர்ந்துவிட்டதென மகிழ்வோர் உளர். விவசாயம் அழிந்ததெனப் பெருமூச்சு விடுவோரும் உளர். இரண்டையும் ஒரே பயணத்தில் ஒரே வாயால் சொல்வோரும் உண்டு. நாம் பெரும்பாலும் அந்த மூன்றாம் வகையினரே.

இவ்வகையினர் படிக்க வேண்டிய நாவல் ஒன்று உண்டு. பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' 1991இல் வெளிவந்தது. அவருடைய முதல் நாவல் அது. இவ்வாசிரியரை 'மாதொருபாகன்' என்னும் பிற்கால நாவலை ஒட்டி எழுந்த சர்ச்சையாலும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பாலும் மட்டுமே அறிந்தவர்கள் நம்மிடையே பலர். அந்த ஆரவாரத்தில் முதல் நூல் பின்தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அது 'ரைசிங் ஹீட்' என்று வருவதற்கே 2020ஆம் ஆண்டு ஆயிற்று. கொங்கு நாட்டில் ஊர்மக்கள் திரண்டு விளைநிலம் காக்கக் குரல் எழுப்பிய நிகழ்ச்சிகளை அண்மை ஆண்டுகளில் நாம் கண்டிருக்கிறோம். அவற்றின் பின்னணியில் இந்நாவலை மீண்டும் எடுத்துப் படித்தபோது, முன்பு படித்தபோது தோன்றாத சில எண்ணங்கள் தோன்றின. அவற்றையே இங்கு வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கதை எளிமையானது. செல்வன் என்னும் சிறுவனின் குடும்பத்திற்குத் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த நிலம், குடியிருப்புக் காலனி ஒன்று கட்டுவதற்காகக் கைமாறிப் போகிறது. குடும்பம் அங்கிருந்து பெயர்ந்து சிறியதோர் இருப்பிடத்திற்கு வருகிறது. பசுமையாக இருந்த இடம் மொட்டையாகிறது. அதன்பின் வரும் ஆண்டுகளில் அக்குடும்பத்தாருக்குள் ஆசையும் பொறாமையும் எவ்வாறு புகுந்து வளர்கின்றன என்பதைச் செல்வன் பார்த்துக்கொண்டே வளர்கிறான். ஏறுவெயில் என்பது காலையிலிருந்து உச்சிநோக்கி ஏறும் வெயில். வெப்பம் கூடிக்கொண்டே போகுமேயன்றித் தணியாது. நாவலின் போக்கும் அப்படித்தான்.

இழப்பின் அளவை உணர வேண்டுமானால் கொங்கு நாட்டுக் குடியமைப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். காவிரிக் கழிமுகத்தில் உழவர் தெருவில் குடியிருந்து, வயலுக்குச் சென்று திரும்புவர். அங்கே வயல் போனாலும் வீடு நிற்கும். இங்கோ பெரும்பாலான உழவர் குடும்பங்கள் காட்டுக்குள்ளேயே சாளை அமைத்துக் குடியிருப்பவை. கிணறும் களமும் மாட்டுத் தொழுவமும் ஆட்டுப்பட்டியும் முன்னோரைப் புதைத்த இடமும் அடுத்தடுத்து ஒரே வேலிக்குள் இருக்கும். எனவே இங்கு நிலத்தைக் கையகப்படுத்துவது என்பது தொழிலை மட்டும் பறிப்பதன்று. வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே பறிப்பது. அரசு ஆவணம் இதைப் புஞ்சை இத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொள்ளும். கிணற்றுக்கு ஒரு விலை, பனைக்கு ஒரு விலை, தென்னைக்கு ஒரு விலை. மற்றவற்றை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அன்றிருந்த சட்டம் 1894ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றியது. பொதுநோக்கம் என்று அரசு அறிவித்துவிட்டால், உரிமையாளர் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் ஆட்சேபத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதை முடிவு செய்வதும் அதே அரசுதான். அவசரம் என்று சொல்லிவிட்டால் அந்த விசாரணையும் தேவையில்லை. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சந்தை மதிப்புடன் நூற்றுக்கு முப்பது வீதம் ஆறுதல் தொகை சேர்த்துத் தருவர். அச்சந்தை மதிப்பைக் கணிக்கும் வழியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களே அளவுகோல். முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் குறைந்த தொகையைக் காட்டுவது நம் ஊர் வழக்கம். ஊரார் சேர்ந்து சொன்ன அந்தச் சிறு பொய், பிறகு யாரோ ஒருவருடைய தோட்டத்தின் விலையாக வந்து அவர் தலையில் விழுந்தது. வழக்குமன்றத்திற்குப் போனவர்கள் கூடுதல் தொகை பெற்றதுண்டு. ஆனால் பெற்றது பெரும்பாலும் பிள்ளைகள் காலத்தில்.

அரசு விலை குறைவு என்பதை மட்டும் சொல்லியிருந்தால் 'ஏறுவெயில்' ஒரு மனுவாக முடிந்திருக்கும். நாவலின் சிறப்பு அதனைத் தாண்டியது. நிலம் போவதைத் தடுக்கும் போராட்டத்தை அது பெரிதாகப் பேசவில்லை. போன பிறகு வாழும் வாழ்வையே பேசுகிறது. நிலம் இருந்தவரை குடும்பத்தார் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் ஏர் பூட்ட ஒருவர் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மனத்தாங்கல் இருந்தாலும் மறுநாள் காலை அதே களத்தில்தான் நிற்க வேண்டும். நிலம் பணமாக மாறியவுடன் இந்தக் கட்டாயம் விலகிவிடுகிறது. நிலத்தைப் பங்கிட வருடக்கணக்காகும். பணத்தைப் பங்கிட ஒரு பிற்பகல் போதும். யாருக்கு எவ்வளவு, யார் மறைத்தார், யார் ஏமாந்தார் என்னும் கேள்விகள் அன்று மாலையே தொடங்கிவிடும்.

இங்கு நாம் கொங்கு மண்ணின் மற்றொரு நாவலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று திறனாய்வாளர் பலரும் போற்றுவது. கைம்பெண்ணான நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. 'நாகம்மா'ளில் நிலம் அங்கேயே இருக்கிறது, அதைப் பிரிப்பதில் குடும்பம் உடைகிறது. 'ஏறுவெயி'லில் நிலம் போய்விடுகிறது, போனதால் வந்த பணத்தில் குடும்பம் உடைகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், நிலத்தோடு வாழ்ந்த காலம் அன்பும் அமைதியும் நிறைந்த பொற்காலம் என்னும் எண்ணம் நம்மை விட்டுப் போய்விடும். பெண்களின் பங்கைப் பற்றிய கேள்வியைச் சண்முகசுந்தரம் எழுப்பியதற்கு வெகுகாலம் பின்பே, 1989இல், தமிழக அரசு குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைச் சட்டமாக்கியது. காடாக இருந்தவரை கேட்கத் தயங்கிய பங்கைப் பணமானதும் பெண்கள் கேட்பதும், அதனால் அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாமல் போவதும் நம் பங்குகளிலும் நடப்பதே. குறை சொல்ல வேண்டுமானால் கேட்டவரைச் சொல்வதா, அத்தனை நாள் கொடாதிருந்தவரைச் சொல்வதா?

விவிலியம் அறிந்த நமக்கு இவ்விடத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. ஆகாபு அரசன் முதலில் சொன்னது அநியாய விலை அன்று. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையேல் அதன் விலையைத் தருகிறேன் என்றான். இன்றைய அதிகாரி எவரும் இதைவிடத் தாராளமாகப் பேசியிருக்க மாட்டார். நாபோத்து மறுத்தது தொகை போதாமைக்காக அன்று. மூதாதையர் வழிச்சொத்து கைமாற்றத்தக்கதன்று என்பதற்காக. கொலைத் திட்டத்தை வகுத்தவள் ஈசபேல்தான். எனினும் அதை நடத்திக் கொடுத்தவர்கள் நாபோத்தின் ஊரிலேயே வாழ்ந்த மூப்பர்களும் பெரியவர்களும். மடல் வந்தது, கூட்டம் கூட்டினார்கள், பொய்ச்சாட்சிகளை உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அன்று மறுத்திருந்தால் அரசனின் ஆசை நிறைவேறியிருக்குமா என்ற கேள்வியை அந்த அதிகாரம் கேளாமல் கேட்கிறது.

செல்வனின் கதைக்கு முப்பது ஆண்டுகள் கழித்து, ஊரார் மறுத்த நிகழ்ச்சியும் இம்மண்ணில் நடந்தது. கோவை மாவட்டத்தில் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,800 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பூங்கா அமைக்க 2021இல் அரசு ஆணை பிறந்தது. இது வீட்டுத் திட்டமன்று, தொழில் திட்டம். ஆனால் வேலிக்குள் இருப்பவருக்கு வேற்றுமை இல்லை. 'நமது நிலம் நமதே' என்னும் பெயரில் விவசாயிகள் ஒன்று சேர்ந்து ஊர் ஊராகக் கூடி எதிர்த்தார்கள். 2022 டிசம்பரில், உழவரின் சம்மதமின்றி விளைநிலம் எடுக்கப்படாது என்றும், தனியார் நிறுவனங்கள் வசமுள்ள சுமார் 1,600 ஏக்கர் தரிசு மட்டுமே எடுக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. நாம் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றோம். பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்த அத்திக்கடவு அவினாசித் திட்டத்தின் நீர் 2024 ஆகஸ்டில் அப்பகுதிக் குளங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பாய்வதற்கு நிலம் மிஞ்சியிருந்தது என்பது சிறிய செய்தி அன்று.

ஆயினும் அந்த 1,600 ஏக்கர் நம்மை உறுத்துகிறது. நிறுவனங்கள் வசம் அது எவ்வாறு சென்றது? ஒரு காலத்தில் அதுவும் யாரோ உழவருடைய காடுதான். தண்ணீர் வற்றியதாலோ, மகளின் திருமணத்திற்கோ, மகனின் படிப்பிற்கோ ஒவ்வொன்றாக விற்கப்பட்டது. அப்போது ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை. அரசு எடுத்தால் அநீதி என்று கொதிக்கும் நாம், சந்தை எடுக்கும்போது அதனை விதி என்று விட்டுவிடுகிறோம். மேலும், தரிசு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொந்தமாக ஒரு சென்ட் இல்லாமல் நான்கு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு பிழைப்பவருக்கு அந்தத் தரிசுதான் மேய்ச்சல் காடு.

கோவை நகரைச் சுற்றி வேறொரு வகைத் துன்பமும் நெடுங்காலம் நீடித்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்திற்கென்று காளப்பட்டி, விளாங்குறிச்சி போன்ற ஊர்களில் நிலங்கள் அறிவிக்கப்பட்டன. பலவற்றில் வாரியம் வீடும் கட்டவில்லை. நிலத்தை விடுவிக்கவும் இல்லை. உரிமையாளர் விற்கவோ அடமானம் வைக்கவோ வீடு கட்டவோ முயன்றால் தடையின்மைச் சான்று கேட்பர். அச்சான்றுக்காக அலுவலகப் படியேறியே முதுமையடைந்தவர் பலர். 2013ஆம் ஆண்டுப் புதிய சட்டம், தீர்வம் அறிவித்து ஐந்து ஆண்டு கடந்தும் நிலம் எடுக்கப்படாமலோ தொகை தரப்படாமலோ இருந்தால் அந்நடவடிக்கை காலாவதியாகும் என்று நம்பிக்கை அளித்தது. ஆனால் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இரண்டுமே நிகழாதிருந்தால்தான் காலாவதி என்று அவ்விதியைப் பொருள்கொண்டது. 'அல்லது' என்று எழுதியிருந்த ஒரு சொல் 'மற்றும்' என்று படிக்கப்பட்டது. இலக்கணம் கற்றோர் வியக்கலாம். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது. அதே புதிய சட்டம், நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றும், தனியார் திட்டமாயின் பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு எண்பது பேர் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. அரசு தன் சொந்தத் தேவைக்கு எடுக்கும்போது இந்தச் சம்மத விதி பொருந்தாது. செல்வனின் குடும்பம் இன்று இருந்தாலும் அவர்களிடம் சம்மதம் கேட்கும் கடமை சட்டப்படி இல்லை. தொகை மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி நாவலின் எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஏறுவெயில்' இழப்பைக் காட்டுவது நிலமுடைய குடும்பத்துச் சிறுவனின் கண்வழியாக. அது நேர்மையான பார்வை. ஆசிரியர் தாம் அறிந்த வாழ்வை எழுதினார். ஆனால் அதே நிலத்தில் பண்ணையாளாகப் பாடுபட்ட அருந்ததியர் குடும்பங்களுக்கு நிலம் போனபோது என்ன ஆயிற்று? பட்டா அவர்கள் பெயரில் இல்லை. ஆகவே அவர்களுக்குப் பழைய சட்டத்தில் இழப்பீடு இல்லை, இழந்தவர் என்ற பெயரும் இல்லை. பண்ணையத்தில் அவர்கள் பட்ட இழிவு போயிற்று என்று ஒருபுறம் சொல்லலாம். கூலியும் கூடவே போயிற்று. புதிய சட்டம் வாழ்வாதாரம் இழப்போரையும் பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடுகிறது என்பது முன்னேற்றமே. எனினும் விளைநிலம் காக்கும் போராட்ட மேடைகளில் அவர்களின் குரல் எத்தனை முறை கேட்டது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்குறையை ஆசிரியரே உணர்ந்தார் என்று நாம் கருத இடமுண்டு. 2000ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'கூள மாதாரி', கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட ஒரு தலித் சிறுவனின் வாழ்வைச் சொல்வது. அதே காடு, அதே வெயில். ஆனால் வேலிக்கு இப்புறம் நிற்கும் பிள்ளையின் கதை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் துணிபு. செல்வனுக்காக மட்டும் கண்ணீர் விட்டு 'கூள மாதாரி'யைத் தொடாமல் விடும் வாசகர், பாதிக் கதையைத்தான் படித்தவராவார். இலக்கியத் தரத்தாலும் பின்னதே முதிர்ந்த படைப்பு. முதல் நாவலில் கசப்பு சற்று மிகுந்து மாந்தர்மேல் படிந்துவிடுகிறது. பின்னதில் அச்சிறார் துன்பத்தினிடையேயும் விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள்.

நம்மைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது. நாம் யார்? இவ்விதழைப் படிப்போரில் பெரும்பாலோர் நிலம் இழந்தவரும் அல்லர், பண்ணையாட்களும் அல்லர். ஆலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கென்று கோவைக்கு வந்து, வாடகை வீடுகளில் இருபது ஆண்டு கழித்து, சேமநல நிதியை எடுத்து மூன்று சென்ட் வாங்கியவர்கள். அந்த மூன்று சென்ட் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. அங்கீகாரம் இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஆலயம் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டோம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கட்டுப்பாடின்றி மனைகளாவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அன்று நம்மில் பலர் வருந்தியது விளைநிலத்திற்காக அன்று, முன்பணம் முடங்கிவிட்டதே என்பதற்காக.

வீடு வேண்டும் என்பது குற்றமன்று. ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளைகளை வளர்த்தவருக்குச் சொந்தக் கூரை என்பது ஆடம்பரம் அன்று. 2015இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடல் 'லவுதாதோ சி' குடியிருப்பு இல்லாதோரின் அவலத்தையும் பேசுகிறது. ஒவ்வோர் உழவருக்கும் போதிய நிலம் வைத்திருக்கும் உரிமை உண்டு என்ற பராகுவே ஆயர்களின் கூற்றையும் எடுத்தாள்கிறது. இரு உரிமைகளும் ஒரே மடலில் இருக்கின்றன. நம் ஊரில் அவை ஒரே சர்வே எண்ணில் மோதிக்கொள்கின்றன. அம்மோதலில் இடையே நின்று இலாபம் அடைவோர் ஏக்கர் கணக்கில் வாங்கிச் சென்ட் கணக்கில் விற்போர். அவர்களை 'ஏறுவெயில்' விரிவாகக் காட்டவில்லை. 1991இல் அவர்கள் இன்றைய உருவத்தை எடுத்திருக்கவும் இல்லை. அவர்களைப் பற்றிய நாவலை எவரேனும் எழுத வேண்டும்.

நாவலைப் படித்து முடித்த வாரத்தில், அலமாரியிலிருந்து நம் வீட்டின் மூலப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். வங்கிக் கடனுக்காக நகலெடுத்தபின் அதை நாம் திறந்ததே இல்லை. புஞ்சை, நான்கு ஏக்கர் சில்லறை. கிழமேற்காகச் செல்லும் வண்டித்தடத்தில் மாமூல் நடைபாத்தியம். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ளும் உரிமை. மேல்புறம் வரப்பில் பனை பதினொன்று. விற்றவர்களாக ஒரு தாயும் மூன்று மகன்களும் ஒரு மகளும். அந்தப் பக்கத்தில் நான்கு கையெழுத்துகளும் ஓர் இடது பெருவிரல் ரேகையும் இருந்தன. பத்திரத்திலுள்ள அளவுகளை வைத்துக் கிணறு எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். அடுத்த தெருவின் முனையில், மின்மாற்றி நிற்கும் இடத்திற்கு அருகே வருகிறது. அங்கே மழைக்காலத்தில் சாலை உள்வாங்கி, ஆண்டுதோறும் மாநகராட்சி வந்து ஜல்லி கொட்டிவிட்டுப் போகும். ஒப்பந்ததாரர் சரியாகப் போடவில்லை என்றே நாம் இதுவரை சொல்லி வந்தோம்.